நிலநடுக்கச் செய்தியில் வரும் ஒற்றை எண்: மேக்னிட்யூட் எதைச் சொல்கிறது, இன்டென்சிட்டி எதைச் சொல்கிறது?

2015 அக்டோபர் 26 அன்று ஆப்கானிஸ்தானின் இந்துகுஷ் மலைப்பகுதியில் 7.5 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. டெல்லியில் மக்கள் அலுவலகங்களை விட்டு வெளியே ஓடி வந்தார்கள். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலுமாகச் சேர்த்து சுமார் 400 பேர் இறந்தார்கள். 2025 ஆகஸ்ட் 31 நள்ளிரவை ஒட்டி அதே நாட்டின் கிழக்கே, குனார் மாகாணத்தில் 6.0 அளவில் இன்னொன்று. இறந்தவர்கள் 2,000 பேருக்கும் மேல். வெளிப்பட்ட ஆற்றலை வைத்துப் பார்த்தால் 2015-இல் வந்தது 2025-இல் வந்ததைப் போல ஏறத்தாழ 180 மடங்கு பெரியது. ஆனால் ஊரையே தரைமட்டமாக்கியது சிறியதுதான்.

இந்த முரண்பாட்டைப் பார்த்துக் குழம்புபவர்கள் பலர். குழப்பத்தை விதைப்பதில் நம் செய்திகளுக்கும் பங்கு உண்டு. 'ரிக்டர் அளவுகோலில் 6.0 தீவிரத்துடன் நிலநடுக்கம் பதிவானது' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. நிலநடுக்க அறிவியலில் மேக்னிட்யூட், இன்டென்சிட்டி என்று இரண்டு ஆங்கிலச் சொற்கள் உண்டு. முதலாவது நிலநடுக்கத்தின் அளவு. இரண்டாவது ஓர் இடத்தில் உணரப்பட்ட தீவிரம். ஆறு என்ற எண் முதலாவதற்கு உரியது. தீவிரம் என்ற சொல் இரண்டாவதற்கு உரியது. இரண்டையும் ஒரே வரியில் ஒட்டிவிட்டதால், எண் பெரிதாக இருந்தால் சேதமும் பெரிதாக இருக்கும் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. இங்கே இரண்டையும் அவற்றின் ஆங்கிலப் பெயராலேயே குறிப்பிடுகிறேன்.

மேக்னிட்யூட்: ஒரு நிலநடுக்கத்துக்கு ஓர் எண்

பூமிக்கு அடியில் பாறையில் ஒரு பிளவுத்தளம் இருக்கிறது. பல ஆண்டுகளாக அழுத்தம் சேர்ந்து, ஒரு கட்டத்தில் தளத்தின் ஒரு பக்கம் மறுபக்கத்தின் மீது சட்டென நழுவுகிறது. அந்த நழுவல் எவ்வளவு பெரிது என்பதே மேக்னிட்யூட். நீங்கள் டெல்லியில் இருந்தாலும் டோக்கியோவில் இருந்தாலும் அந்த எண் மாறாது.

இன்று அறிவியலாளர்கள் பயன்படுத்துவது மொமன்ட் மேக்னிட்யூட். அதைக் கணக்கிட மூன்று விவரங்கள் தேவை: நழுவிய தளத்தின் பரப்பு, நழுவிய சராசரித் தூரம், பாறையின் விறைப்பு. ஓர் எடுத்துக்காட்டைப் போட்டே பார்க்கலாம்.

1. தளத்தின் நீளம் 40 கி.மீ., அகலம் 15 கி.மீ. பரப்பு 60 கோடி சதுர மீட்டர்.
2. சராசரி நழுவல் 1.5 மீட்டர்.
3. மேலோட்டுப் பாறையின் விறைப்பு சுமார் 3,000 கோடி பாஸ்கல்.
4. மூன்றையும் பெருக்கினால் 2.7 பெருக்கல் 10-இன் அடுக்கு 19 நியூட்டன்-மீட்டர். இதன் மடக்கை, அதாவது இந்த எண்ணைப் பெற 10-ஐ எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்த வேண்டும் என்பது, 19.43.
5. அதிலிருந்து 9.1-ஐக் கழித்து, வருவதை மூன்றில் இரண்டால் பெருக்க வேண்டும். விடை 6.9.

இந்தக் கணக்கில் வீடு இல்லை, மண் இல்லை, மக்கள் இல்லை. பாறைக்குள் நடந்ததை மட்டுமே அது அளக்கிறது.

மடக்கை என்பதால் எண்கள் சாதாரண எண்களைப் போல நடந்துகொள்ளாது. ஓர் எண் கூடினால் கருவியில் பதியும் அலையின் உயரம் 10 மடங்கு ஆகிறது. வெளிப்படும் ஆற்றலோ சுமார் 32 மடங்கு. இரண்டு எண் கூடினால் ஆற்றல் 1,000 மடங்கு. வெறும் 0.2 கூடினாலே ஆற்றல் இரு மடங்காகிவிடும். எனவே 6.2 என்று சொன்னதை மறுநாள் 6.4 என்று திருத்தினால் அது சின்னத் திருத்தமாகத் தெரியும். உள்ளே இருக்கும் வேறுபாடு பெரியது.

'ரிக்டர்' எங்கிருந்து வந்தது, ஏன் எண்கள் மாறி மாறி வருகின்றன?

1935-இல் அமெரிக்காவின் சார்லஸ் ரிக்டர், தென் கலிபோர்னியாவின் நிலநடுக்கங்களை ஒப்பிட ஒரு முறையை வகுத்தார். வுட்-ஆண்டர்சன் என்ற குறிப்பிட்ட வகைக் கருவி, மையத்திலிருந்து 100 கி.மீ. தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். அதன் தாளில் கோடு 1 மில்லிமீட்டர் ஆடினால் மேக்னிட்யூட் 3. 10 மில்லிமீட்டர் ஆடினால் 4. 100 மில்லிமீட்டர் ஆடினால் 5. கருவி 100 கி.மீ.யில் இல்லாவிட்டால் தூரத்துக்கு ஏற்பத் திருத்த ஓர் அட்டவணை உண்டு. ரிக்டர் அளவுகோல் என்ற பெயரில் எங்கும் ஒரு கருவி கிடையாது. அது ஒரு கணக்கு முறை.

அந்த முறை அந்தப் பகுதிக்கும் அந்தக் கருவிக்கும் நன்றாகப் பொருந்தியது. மிகப் பெரிய நிலநடுக்கங்களில் அது தோற்றுவிடும். பிளவு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழியும்போது நழுவல் நிமிடக்கணக்கில் தொடர்கிறது. ரிக்டரின் முறை பார்ப்பதோ ஒரு நொடிக்குள் வந்து போகும் குறுகிய அலைகளை. பிளவு இன்னும் நீண்டுகொண்டே போனாலும் அந்தக் குறுகிய அலைகளின் உயரம் கூடுவதில்லை. ஏறத்தாழ 7-க்கு மேல் எண் நகர மறுக்கிறது. இந்தக் குறையைத் தீர்க்கவே 1979-இல் தாமஸ் ஹேங்க்ஸ், ஹிரூ கனமோரி இருவரும் மொமன்ட் மேக்னிட்யூட் முறையைக் கொண்டுவந்தார்கள்.

2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தை இந்திய வானிலைத் துறை 6.9 என்றது. அமெரிக்க நிலவியல் ஆய்வகம் முதலில் 7.9 என்றது, பிறகு 7.7 என்றது. யாரோ மறைக்கிறார்கள் என்ற பேச்சு அப்போது எழுந்தது. உண்மையில் 6.9 ரிக்டர் வழிப்பட்ட உள்ளூர் மேக்னிட்யூட், 7.9 தரைப்பரப்பு அலைகளை வைத்துப் போட்ட மேக்னிட்யூட்; 7.7 மொமன்ட் மேக்னிட்யூட். மூன்றும் வெவ்வேறு வகைக் கணக்குகள். 2025 மார்ச் 28 மியான்மர் நிலநடுக்கத்திலும் அமெரிக்க மையம் 7.7 என்றது, சீன மையம் 7.9 என்றது. எந்த வகை என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதும் செய்தி, அளவைச் சொல்லி அலகைச் சொல்லாத செய்திதான்.

இன்டென்சிட்டி: ஊருக்கு ஓர் எண்

இன்டென்சிட்டி என்பது ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிலம் எவ்வளவு வன்மையாக ஆடியது, அதனால் அங்கே என்ன ஆனது என்பதைச் சொல்லும் படிநிலை. ஒரே நிலநடுக்கத்துக்கு ஆயிரம் ஊர்களில் ஆயிரம் மதிப்புகள் இருக்கலாம். மேக்னிட்யூட்டோடு குழம்பாமல் இருக்க இதை ரோமன் எண்களில், புள்ளி இல்லாமல் எழுதுவது மரபு. எனவே 'இன்டென்சிட்டி 6.3' என்று எங்காவது கண்டால் எழுதியவர் இரண்டையும் கலந்துவிட்டார் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இத்தாலியின் ஜியூசெப்பே மெர்கல்லி 1902-இல் வெளியிட்ட படிநிலை, 1931-இல் அமெரிக்காவில் திருத்தப்பட்டு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இந்தியாவில் பரவலாகப் பயன்படுவது 1964-இல் மெட்வெடேவ், ஸ்போன்ஹோயர், கார்னிக் மூவரும் வகுத்த எம்.எஸ்.கே. படிநிலை. இரண்டிலும் 12 படிகள்.

நான்காம் படியில் பாத்திரங்களும் ஜன்னல் கதவுகளும் சடசடக்கும். ஐந்தாவதில் தூங்குபவர்கள் விழித்துக்கொள்வார்கள். ஆறாவதில் மக்கள் பயந்து வெளியே ஓடுவார்கள், சுவர்ப் பூச்சில் விரிசல் விழும். ஏழாவதில் நிற்பதே கடினம். எட்டாவதில் வலுவற்ற கட்டடங்கள் பகுதி பகுதியாக இடியும். பன்னிரண்டில் நிலத்தின் தோற்றமே மாறிவிடும்.

ஆறாம் படிக்கு மேல் தீர்மானிப்பது கட்டடங்களின் நிலை. எம்.எஸ்.கே. முறையில் கள ஆய்வாளர் இரண்டு கணக்குகளை வைத்துக்கொள்கிறார். முதலாவது, கட்டட வகை: மண், கருங்கல் சுவர் வீடுகள் 'அ' வகை; சாதாரணச் செங்கல் கட்டடங்கள் 'ஆ' வகை; கம்பி கட்டிய கான்கிரீட்டும் நல்ல மரக்கட்டுமானமும் 'இ' வகை. இரண்டாவது, சேதத்தின் தரம்: முதல் தரம் பூச்சில் மயிரிழை விரிசல், ஐந்தாம் தரம் முழு இடிவு. 'சில' என்றால் சுமார் 5 விழுக்காடு, 'பல' என்றால் சுமார் 50, 'பெரும்பாலானவை' என்றால் சுமார் 75. ஓர் ஊரில் பெரும்பாலான மண்-கல் வீடுகள் நான்காம் தரத்திலும், பெரும்பாலான செங்கல் வீடுகள் மூன்றாம் தரத்திலும் சேதமாகியிருந்தால் அந்த ஊருக்கு எட்டாம் படி. கட்டட வகையைப் பார்க்காமல் இடிந்த வீடுகளை மட்டும் எண்ணினால் இந்த மதிப்பீடு தவறாகப் போகும். மண் வீடுகள் மட்டுமே உள்ள கிராமம் எப்போதும் அதிக மதிப்பெண் வாங்கிவிடும்.

இதை மக்களின் அன்றாடத்துக்குள் கொண்டுவந்திருப்பது ஜப்பான்தான். அங்கே ஷிண்டோ என்ற சொந்தப் படிநிலை உண்டு. 0 முதல் 7 வரை; ஐந்தும் ஆறும் கீழ், மேல் என்று பிரிக்கப்படுவதால் மொத்தம் 10 படிகள். 1996 முதல் கருவிகளே அதைக் கணக்கிட்டுத் தருகின்றன. நிலம் ஆடிய சில நிமிடங்களில் தொலைக்காட்சித் திரையில் ஊர்வாரியாக ஷிண்டோ வருகிறது. மேக்னிட்யூட் கூடவே வருகிறது. 2011 மார்ச் 11 பேரிடரில் மேக்னிட்யூட் 9.0. மியாகி மாநிலத்தின் குரிஹராவில் ஷிண்டோ 7, டோக்கியோவில் 5-மேல். தன் ஊர் எவ்வளவு ஆடியது என்று தெரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான வழி இல்லை. நம் செய்திகளும் இப்படித்தான் வர வேண்டும்.

இரண்டுக்கும் இடையே என்ன உறவு?

கோயில் திருவிழாவில் கட்டிய ஒலிபெருக்கிக்கு இத்தனை வாட் என்பது ஒரே எண்தான். உங்கள் வீட்டுக்குள் எவ்வளவு கேட்கிறது என்பது தூரத்தையும் இடையிலுள்ள சுவரையும் பொறுத்தது. மேக்னிட்யூட்டுக்கும் இன்டென்சிட்டிக்கும் உள்ள உறவும் அத்தகையதே.

ஆழமற்ற நிலநடுக்கம், மையத்துக்கு அருகிலுள்ள ஊர் என்று வைத்துக்கொண்டால் ஒரு தோராயப் பொருத்தம் சொல்லலாம். மேக்னிட்யூட் 4-க்கும் 5-க்கும் இடையில் என்றால் நான்கு, ஐந்தாம் படி. 5-க்கும் 6-க்கும் இடையில் என்றால் ஆறு, ஏழு. 6-க்கும் 7-க்கும் இடையில் ஏழு முதல் ஒன்பது வரை. 7-க்கு மேல் எட்டும் அதற்கு மேலும். இந்தப் பொருத்தத்தைக் கலைப்பவை நான்கு.

1. ஆழம். 2015 இந்துகுஷ் நிலநடுக்கம் 200 கி.மீ.க்கும் அதிகமான ஆழத்தில் நடந்தது. மேலே நேர் எதிரில் உள்ள ஊருக்குக்கூட அலை 200 கி.மீ. பயணம் செய்துதான் வர வேண்டும். குனாரில் ஆழம் 8 கி.மீ. மேலே மலைச்சரிவில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில் கில்லாரியைச் சுற்றி நடந்ததும் இதுவே. மேக்னிட்யூட் 6.2 மட்டும், இறந்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர்.

2. தூரம். நியூசிலாந்தில் 2010 செப்டம்பர் 4 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து சுமார் 40 கி.மீ. மேற்கே 7.1. இடிபாடுகளில் சிக்கி யாரும் இறக்கவில்லை. 2011 பிப்ரவரி 22 அன்று நகரின் விளிம்பிலேயே, ஆழமில்லாமல், 6.2. 185 பேர் இறந்தார்கள். முதலாவது அதிகாலை 4.35-க்கு, தெருக்கள் வெறிச்சோடியிருந்தபோது வந்தது. இரண்டாவது நண்பகல் 12.51-க்கு. நேரத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் நகருக்குள் இன்டென்சிட்டியே இரண்டாவதில்தான் அதிகம்.

3. மண். இதுதான் பலரும் கவனிக்காதது. 1985 செப்டம்பர் 19 மெக்சிகோ நிலநடுக்கத்தின் மையம் பசிபிக் கரையில். மெக்சிகோ நகரம் அங்கிருந்து சுமார் 350 கி.மீ. தள்ளி. அவ்வளவு தூரத்தில் அலை தேய்ந்திருக்க வேண்டும். ஆனால் நகரின் மையப்பகுதி பழைய டெக்ஸ்கோகோ ஏரியின் களிமண் படுகை மேல் நிற்கிறது. அந்தக் களிமண் சுமார் 2 நொடிக்கு ஒருமுறை ஆடும் இயல்புடையது. வந்த அலைகளில் அந்த வேகத்தில் ஆடியவை பல மடங்கு பெருகின. அதே தாளத்தில் ஆடக்கூடிய நடுத்தர உயரக் கட்டடங்கள், பெரும்பாலும் 6 முதல் 15 மாடி வரை உள்ளவை, நொறுங்கின. பக்கத்திலிருந்த இரண்டு மாடி வீடுகள் பல நின்றன. 2001-இல் குஜராத்தின் பூஜ் அருகே நடந்த நிலநடுக்கத்தில் 200 கி.மீ.க்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் இடிந்ததற்கும் சபர்மதியின் வண்டல் மண் ஒரு காரணம். தரைத்தளத்தில் சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும் வாகன நிறுத்தம் இன்னொரு காரணம்.

4. கிழியும் திசை. பிளவு ஒரு முனையில் தொடங்கி மறுமுனையை நோக்கிக் கிழியும்போது, முன்னால் இருக்கும் ஊர்களில் அலைகள் குவிந்து வந்து அடிக்கும். பின்னால் இருக்கும் ஊர்கள் அதே தூரத்தில் இருந்தும் தப்பிவிடும்.

உறவு எதிர்த்திசையிலும் ஓடும். கருவிகள் பரவுவதற்கு முன் நடந்த நிலநடுக்கங்களுக்கு மேக்னிட்யூட் எப்படிக் கிடைக்கிறது? இன்டென்சிட்டியிலிருந்துதான். 1897 ஜூன் 12 அசாம் பேரதிர்வுக்குப் பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஆர்.டி. ஓல்டாம் ஊர் ஊராகத் தகவல் திரட்டி, ஒரே அளவு ஆடிய ஊர்களைக் கோடு போட்டு இணைத்து வரைபடம் தந்தார். அத்தகைய கோடுகள் சூழ்ந்த பரப்பை வைத்தே மேக்னிட்யூட் மதிப்பிடப்படுகிறது. 1900 பிப்ரவரி 8 கோயம்புத்தூர் நிலநடுக்கத்துக்கு இன்று சொல்லப்படும் சுமார் 6 என்ற எண்ணும் இவ்வழியில் வந்ததே.

'ரிக்டர் 7-ஐத் தாங்கும் அடுக்குமாடி'

வீடு வாங்குபவர்களை நேரடியாகப் பாதிக்கும் இடம் இது. விளம்பரத்தில் 'ரிக்டர் அளவில் 7 வரை தாங்கும்' என்ற வரி வருகிறது. 10 கி.மீ. தூரத்தில் வரும் 7-ஆ, 300 கி.மீ. தூரத்தில் வரும் 7-ஆ? முதலாவதில் எட்டு, ஒன்பதாம் படி ஆட்டம். இரண்டாவதில் சரவிளக்கு ஊசலாடும். எந்த ஆட்டம் என்று சொல்லாத வாக்குறுதியில் சரிபார்க்க ஒன்றும் இல்லை.

ஐ.எஸ். 1893 என்ற இந்தியத் தரநெறி எதை வைத்துக் கணக்கிடச் சொல்கிறது என்று பாருங்கள். அதன் 2002, 2016 பதிப்புகள் நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்தன. இரண்டாம் மண்டலம் எம்.எஸ்.கே. ஆறாம் படியும் அதற்குக் கீழும், மூன்றாவது ஏழாம் படி, நான்காவது எட்டு, ஐந்தாவது ஒன்பதும் அதற்கு மேலும். பிரிவினை முழுக்க இன்டென்சிட்டி அடிப்படையில். குஜராத் பேரிடருக்குப் பின் வந்த 2002 பதிப்பில் சென்னை இரண்டிலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்ந்தது.

அந்தப் பதிப்புகளில் மூன்றாம் மண்டலத்தின் மண்டலக் காரணி, அதாவது அங்கே எதிர்பார்க்கும் ஆட்டத்தின் வன்மையைக் குறிக்கும் எண், 0.16. சுமார் 30 மீட்டர் உயரமுள்ள 10 மாடிக் குடியிருப்பு, எடை 5,000 டன், ஆடும் காலம் ஏறத்தாழ 1 நொடி என்று வைத்துக்கொள்வோம். காரணியில் பாதி 0.08. நன்கு வளைந்து கொடுக்கும்படி கட்டிய சட்டகம் என்றால் அதை 5-ஆல் வகுக்கலாம். பாறை மேல் நிற்கும் கட்டடத்துக்குப் பெருக்கு எண் 1.0, இளகிய மண்ணில் 1.67. இவற்றை எடையோடு பெருக்கினால், கட்டடம் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை பாறை மேல் 80 டன். அதே கட்டடம் இளகிய மண்ணில் நின்றால் 134 டன். கணக்கின் எந்த வரியிலும் ரிக்டர் எண் வரவில்லை.

5-ஆல் வகுப்பதற்கு ஒரு விலை உண்டு. தூணிலும் உத்திரத்திலும் போடும் ரிங் கம்பிகளின் முனை 135 டிகிரி மடித்து உள்ளே போக வேண்டும். தூணும் உத்திரமும் சேரும் இடத்துக்கு அருகில் ரிங்குகளின் இடைவெளி 100 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஐ.எஸ். 13920 தரநெறி இதைச் சொல்கிறது. வேலை எளிது என்பதால் பல தளங்களில் 90 டிகிரியில் மடித்து விட்டுவிடுகிறார்கள். நிலம் ஆடி மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த ரிங் விரிந்துவிடும்; உள்ளே நிற்கும் நீளக்கம்பிகள் வெளியே பிதுங்கும்; தூண் சரியும். அப்போது 5-ஆல் வகுத்தது பொய்க்கணக்காகிவிடுகிறது.

எனவே விற்பவரிடம் கேட்க வேண்டியவை: எந்த மண்டலத்துக்கு வடிவமைத்தீர்கள், மண் பரிசோதனை அறிக்கை எங்கே, ஐ.எஸ். 13920-இன்படி கம்பி கட்டப்பட்டதா, தரைத்தள வாகன நிறுத்தத்தின் திறந்த தூண்களுக்குத் தனிக் கணக்குப் போட்டீர்களா. கம்பி கட்டும் நாளில் போய் ரிங் முனையைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. கான்கிரீட் போட்ட பிறகு பார்க்க வழியில்லை.

சுனாமியில் முன்னுரிமை மாறுகிறது

கட்டடத்துக்கு இன்டென்சிட்டி என்றால், கடலுக்கு மேக்னிட்யூட். 2004 டிசம்பர் 26 காலை சென்னையில் லேசான ஆட்டம்தான். இலங்கைக் கரையில் பலர் எதையுமே உணரவில்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை வந்தது. கரையில் உணர்ந்த ஆட்டத்தை வைத்து ஆபத்தை அளந்திருந்தால் ஒன்றும் இல்லை என்றே தோன்றியிருக்கும். 1896 ஜூன் 15 அன்று ஜப்பானின் சன்ரிகு கரையிலும் ஆட்டம் வலுவற்றே இருந்தது. கடலடியில் பிளவு மெதுவாக நழுவியதால் கூர்மையான அதிர்வு எழவில்லை. பின்னால் வந்த அலை ஏறத்தாழ 22,000 பேரைக் கொன்றது.

மேக்னிட்யூட்டை விரைவாகப் பிடிப்பதிலும் சிக்கல் இருக்கிறது. 2004-இல் பசிபிக் எச்சரிக்கை மையத்தின் முதல் அறிவிப்பில் இருந்த எண் 8.0. ஒரு மணி நேரம் கழித்து 8.5. இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது 9.1. முதலுக்கும் கடைசிக்கும் இடையே ஆற்றல் சுமார் 45 மடங்கு. சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குப் பல நிமிடங்கள் கிழிந்த பிளவை, விரைவுக் கணக்குகளால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6. சென்னையில் உயர்ந்த கட்டடங்களிலிருந்து மக்கள் இறங்கி ஓடினார்கள், எச்சரிக்கை ஒலித்தது. பெரிய அலை வரவில்லை. அங்கே பாறைகள் பக்கவாட்டில் உரசி நழுவின. கடல்தரை மேலெழாததால் தண்ணீர் தூக்கப்படவில்லை. ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் இந்தியச் சுனாமி எச்சரிக்கை மையம், மேக்னிட்யூட் கிடைத்த பிறகும் கடலடி அழுத்தக் கருவிகளின் அளவுகளுக்கும் கரையோர நீர்மட்டக் கருவிகளின் அளவுகளுக்கும் காத்திருப்பது இதனால்தான்.